துவைத்த துணி மட்டும்

கென்சாகு உயிரோடு இருந்தவரை குப்பை அவன் இலாகா. மங்கோலியாவிலிருந்து கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த மூன்று வருஷத்தில் சோலொங்கோ ஒரு குப்பைப் பையைக்கூட வாசல் தாண்டிக் கொண்டுபோனதில்லை. "ஜப்பான்ல பொறந்தவனுக்கே இதுல தலை சுத்தும், நீ விடு" என்பான். சோயா சாஸ் புளிக்கவைக்கும் கிடங்கில் முப்பது வருஷம் வேலை பார்த்தவன், ஒரு திங்கட்கிழமை மதியம் தொட்டிக்குப் பக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அப்புறம் எழுந்திருக்கவில்லை.

சாவுக்கு அவள் அழவில்லை. அழுகை வரும் என்று அவளும் காத்திருந்துதான் பார்த்தாள். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டது மாதிரி எல்லாம் எங்கோ தூரத்தில் நடந்தது. கல்நெஞ்சுக்காரி என்று தெருவில் நாலு பேர் பேசினார்கள். அது காதில் விழுந்தபோதும் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆள் போய்விட்டால் குப்பை சேராமல் இருக்குமா? இரண்டாவது வாரம் அவளாகவே ஒரு பையைக் கட்டித் தெருமுனையில் காக்கை கிளறாமல் போட்டிருக்கும் வலைக்கு அடியில் வைத்தாள். மத்தியானமே அது சிவப்பு ஸ்டிக்கரோடு திரும்பி வந்தது. தூக்கிக்கொண்டு வந்தவள் மூன்றாம் வீட்டு உவேமாட்சு அம்மாள். வயது அறுபத்தெட்டு. அந்த வருஷம் தெருக் குப்பையைக் கண்காணிக்கும் முறை அவளுடையது.

"சோரோன்கோ சான், இது உன் பைதான?" 'சான்' மரியாதைக்கு; அந்த அம்மாளுக்கு அவள் பெயரில் இருக்கும் 'லொ' வாயில் வராது.

"ஆமாங்க. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"ஆட்டுக்கறி எலும்பு இந்தத் தெருவுல வேற யார் வீட்டுல விழும்? இதுல பாட்டில் வேற போட்டிருக்க. உள்ள உட்காரலாமா? ஒரு பேச்சுல முடியற சமாச்சாரம் இல்ல இது."

அந்த அம்மாள் செருப்பு விடும் இடத்திலேயே உட்கார்ந்து பாடம் நடத்தினாள். ஒரு தண்ணீர் பாட்டிலுக்கு இந்த ஊரில் மூன்று கதி. மூடி ஒரு பக்கம், மேலே சுற்றிய தாள் இன்னொரு பக்கம், உடம்பு கழுவி நசுக்கி வேறொரு நாள். பால் டப்பாவை அலசி, வெட்டி விரித்து, காயவைத்துக் கயிற்றால் கட்ட வேண்டும். எரிக்கிற குப்பை திங்களும் வியாழனும். பழந்துணி மாதத்தின் இரண்டாவது புதன், அதுவும் துவைத்த துணி மட்டும். மழை பெய்தால் அடுத்த மாதம். சோலொங்கோவின் ஊரில் எரிவது அடுப்புக்குப் போகும், நாய் தின்பது நாய்க்குப் போகும், அதோடு சரி. இருந்தும் அவள் சீக்கிரம் கற்றுக்கொண்டாள். மனசு ஒன்றுக்கும் அசையாத நாட்களில் பால் டப்பா வெட்டுவது சுலபமான வேலை.

"நாப்பத்தொன்பதாம் நாள் காரியம் முடிஞ்சதும் அவர் துணிமணியெல்லாம் கொடுத்துடும்மா" என்றாள் உவேமாட்சு அம்மாள். "வீட்டுலயே வச்சிருந்தா போனவருக்குப் போக மனசு வராது."

சரி என்று அடுத்த இரண்டாவது புதன் எல்லாவற்றையும் பைகளில் அடைத்து வைத்தாள். மற்றதெல்லாம் போய்விட்டது, ஒரே ஒரு பை ஸ்டிக்கரோடு நின்றது. துவைக்காத துணி என்ற கட்டத்தில் டிக் போட்டிருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்தாள். கென்சாகுவின் வேலைச் சட்டை. கிடங்கில் அவன் அலமாரியில் தொங்கியதை, சாவு முடிந்தபின் யாரோ காகிதப் பையில் போட்டுக் கொடுத்தது. கையில் எடுத்தபோது வாடை வந்தது. புளித்த சோயா, சிகரெட், அதை மறைக்க அவன் மெல்லும் புதினா மிட்டாய்.

அவள் நாட்டில் பிள்ளையைக் கொஞ்சுவதென்றால் தலையை முகர்வார்கள், நாம் உச்சி முகர்கிற மாதிரி. அப்படித்தான் அந்தக் காலரில் முகத்தை வைத்தாள். நெஞ்சுக்குள் எங்கோ வலித்தது. இத்தனை நாளில் முதல் வலி. வலித்ததில் அவளுக்கு அப்படி ஒரு நிம்மதி.

சட்டையை வாசல் ஆணியில் மாட்டினாள். ஸ்ட்ராபெரி பொட்டலம் கட்டும் வேலை முடிந்து வந்ததும் ஐந்து நிமிஷம் அதை முகர்வாள். அந்த ஐந்து நிமிஷம் மட்டும் அவன் செத்துப்போனது அவளுக்குத் தெரியும். மற்ற நேரமெல்லாம் தெரு, வேலை, சோறு, தூக்கம். வாடை நாளுக்கு நாள் குறைந்துகொண்டு வந்தது. தினமும் முகர்ந்தால் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று பயந்து ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கிக்கொண்டாள்.

அடுத்த மாதப் புதன் மழை. அதற்கு அடுத்த மாதம் உவேமாட்சு அம்மாள் வாசலில் நின்று ஆணியைப் பார்த்தாள்.

"இன்னும் அது போகலையா?"

"துவைக்கலைங்க. துவைக்காததை எடுக்க மாட்டாங்கன்னு நீங்கதான சொன்னீங்க."

"சொன்னேன். துவைச்சுப் போடேன்."

"சோயாக் கறைங்க. லேசுல போகாது."

எனக்கு அது வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த ஊரில் முடியாது என்பதை யாரும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. வேறொரு காரணத்தை எடுத்து முன்னால் வைப்பார்கள், எதிராளி புரிந்துகொள்வார். குப்பையோடு சேர்த்து அதையும் அவள் கற்றிருந்தாள். உள்ளூர்க்காரி சொல்லியிருந்தால் உவேமாட்சு அம்மாளுக்கு அந்த நொடியே புரிந்திருக்கும். சொன்னவள் வெளிநாட்டுக்காரி ஆயிற்றே. பாவம், கறை போகத் துவைக்கத் தெரியாமல் திண்டாடுகிறாள் என்று எடுத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் ஒருநாள் சோலொங்கோ வேலையிலிருந்து வந்தபோது, தெருவில் வீட்டுக்கு வீடு சுற்றும் அறிவிப்புப் பலகை செருப்பு அலமாரி மேல் இருந்தது. பகலில் யாரும் பூட்டாத ஊர் அது. ஆணி காலியாக இருந்தது.

அதைப் பார்த்தபடி அவள் நின்றுகொண்டிருக்கும்போதே உவேமாட்சு அம்மாள் வந்துவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு. கையில் ஒரு பை. உள்ளே இஸ்திரி போட்டு மடித்த சட்டை. பைமேல் தொக்கிதா என்று கென்சாகுவின் குடும்பப் பெயரைக்கூட எழுதியிருந்தாள்.

"பலகை வைக்க வந்தேன். கண்ணுல பட்டுச்சு, எடுத்துட்டுப் போயிட்டேன். வினிகர் ஊத்தி ஊற வச்சு, ரெண்டு தடவை மெஷின்ல போட்டு, நல்ல வெயில்ல காயப்போட்டேன். வர்ற புதன் தாராளமா வைக்கலாம், ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல முடியாது. மோந்து பாரேன், ஒரு பொட்டு வாடை இல்ல."

சோலொங்கோ பையைப் பிரித்தாள். காலரை முகர்ந்தாள். அக்குளை, கைமடிப்பை, பாக்கெட்டை உட்புறம் வெளியே இழுத்து அதன் தையலை, ஒவ்வொன்றாக முகர்ந்தாள். சோப்பு வாசனைதான் வந்தது. அங்கேயே உட்கார்ந்தாள். அன்றுதான் கென்சாகு செத்த மாதிரி, தெருவுக்கே கேட்கும்படி அழுதாள்.

உவேமாட்சு அம்மாள் பதறிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அவள் கண்ணிலும் நீர் வந்துவிட்டது.

"அட, இதுக்குப் போய் யாராவது இப்படி அழுவாங்களா? நான் என்ன பெருசா பண்ணிட்டேன், பக்கத்து வீட்டுக்கு இதுகூடச் செய்யலைன்னா எப்படி?"