எலியை எவ்வளவு தூரத்தில் விடுவது

எங்கள் தோட்டத்து எலியை நான் கொண்டுபோய் விடுவது இது நாற்பத்தோராவது முறை. ஒவ்வொரு முறையும் அது எனக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிடுகிறது. எனக்குத்தான் நேரமாகிறது.

கொன்றுவிடலாம்தான். என் மனைவி வேதவல்லி ஒப்புக்கொள்ளமாட்டாள். அவளுக்கு எலி மேல் பிரியமெல்லாம் இல்லை. செத்த எலியை எடுத்துப் போடுகிற ஆள் நானில்லை என்று அவளுக்குத் தெரியும். அதனால் கூண்டில் மசால் வடையை மாட்டி வைப்போம். காலையில் எலி வடையைத் தின்று முடித்து, கிளம்பத் தயாராக உட்கார்ந்திருக்கும்.

மற்றவற்றோடு எனக்குச் சண்டையில்லை. அணில் கொய்யாப்பழத்தில் பாதி தின்றுவிட்டு மீதியில் தேதி போட்டு வைக்கும். பெருச்சாளி தோண்டிய பள்ளத்தில் பக்கத்து வீட்டுக்காரரின் வராண்டா இறங்கிவிட்டது. அவர் அங்கேயே உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். எலி மட்டும் புடலங்காயை விடுவதில்லை. காய் நேராக வளர நுனியில் கல் கட்டியிருப்போம். காயைத் தின்றுவிட்டு, கல்லைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போகும்.

முதலில் நாலு தெரு தள்ளி விட்டேன். நான் திரும்பிவர ஒரு மணி நேரம் ஆனது. அப்புறம் ஏரிக்கரையில் விட்டேன். இரண்டு நாள். போகும்போது பாதை சாதாரணமாகத்தான் இருக்கிறது. திரும்பும்போது நீண்டுவிடுகிறது. நடுவில் புதிதாக ஒரு ரயில்வே கேட் வருகிறது. அது மூடியிருக்கிறது.

போன தடவை வேதவல்லி கேட்டாள். "அது அன்னைக்கு நாலு மணிக்கே வந்துடுச்சே. நீங்க எங்க போனீங்க?"

"வந்துகிட்டுதான் இருந்தேன்."

"பதினோரு நாளாவா?"

"ஆமா."

சோறு போட்டாள். சாப்பிட்டுத் தூங்கினேன். எழுந்தால் எலி மறுபடி கூண்டில் இருந்தது. ஒரே ஒரு வாரம் அவளோடு வீட்டில் இருக்க வேண்டும். எனக்கு வேறு ஆசையே இல்லை.

இந்த முறை பஸ்ஸில் போனேன்.

"எலிக்குப் போக மட்டுமா, போக வரவா?" என்றார் கண்டக்டர்.

"போக மட்டும்."

கண்டக்டர் எலியைப் பார்த்தார். அது தலையாட்டி மறுத்தது. போக வர டிக்கெட்டைக் கிழித்துக் கூண்டுக்குள் செருகினார்.

"எனக்கும் போக வர கொடுங்க."

"ஒண்ணுதான் சார் இருந்துச்சு. இப்பதான் கொடுத்தேன்."

கடைசி ஸ்டாப்பில் ஒருவர் கூண்டோடு நின்றுகொண்டிருந்தார். பெயர் ஞானசுந்தரம் என்றார். அவர் எலியை அவர் திறந்துவிட்டார். என் எலியை நான் திறந்துவிட்டேன். இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் அதனதன் வீட்டைப் பார்த்து ஓடின.

"உங்களுக்குத் திரும்ப எத்தனை நாளாகுது?" என்றார்.

"பதினொண்ணு. உங்களுக்கு?"

"பதினாறு. போறப்ப அஞ்சு நிமிஷம்தான்."

இரண்டு பேரும் மைல்கல்லில் உட்கார்ந்தோம்.

"ஒண்ணு செய்யலாம்" என்றார் அவர். "நீங்க எங்க வீட்டுக்குப் போங்க. நான் உங்க வீட்டுக்குப் போறேன். ரெண்டு பேருக்கும் அது போற பாதைதானே. சீக்கிரம் போயிடலாம்."

எனக்கு வெட்கமாக இருந்தது. கால் அதைவிட வலித்தது. சரி என்றேன்.

ஐந்து நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தேன். அவர் மனைவி ராஜாமணி கேட்டைத் திறந்தாள். நான் யாரென்று சொன்னேன்.

"தெரியுது. கை கழுவிட்டு வாங்க."

நல்ல ரசம். நன்றாகத் தூங்கவும் செய்தேன். ஆனால் விடிந்ததும் வேதவல்லி ஞாபகம் வந்தது. அவர்கள் தோட்டத்தில் எலி கூண்டுக்குள் தயாராக இருந்தது.

"எங்கயாவது தூரமா விட்டுடுங்க" என்றாள் ராஜாமணி.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இங்கிருந்து பார்த்தால் என் வீடுதான் தூரம். அதுதான் எனக்கு இப்போது போகிற பாதை. கூண்டை எடுத்துக்கொண்டு கிட்டத்தட்ட ஓடினேன்.

ஐந்தே நிமிஷம். எங்கள் தெரு. எங்கள் கேட். உள்ளே ஞானசுந்தரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவரைக்காய் நார் எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வேதவல்லி. இருவருக்கும் நடுவில் எங்கள் எலி புடலங்காய் தின்றுகொண்டிருந்தது. அதை யாரும் விரட்டவில்லை. ஞானசுந்தரம் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். அவர் முகத்தில் களைப்பே இல்லை.

நான் குனிந்து கூண்டின் கதவில் கை வைத்தேன். வேதவல்லி எழுந்து வந்தாள்.

"ஏங்க, எங்க தெருவுல எதுக்கு விடறீங்க?"

"வேதா, நான்தான்."

"யாரா இருந்தா என்ன? ஆளாளுக்கு இங்க கொண்டுவந்து விட்டா நாங்க எப்படி இருக்கறது?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. புது ஆளிடம் பேசுகிற மரியாதையோடு சொன்னாள். எனக்கு அழுகை வந்தது. கூண்டைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"எவ்வளவு தூரத்துல விடணும்மா?"

"திரும்பி வராத தூரம்" என்று சொல்லிவிட்டு, கேட்டைச் சாத்திக் கொக்கியையும் போட்டுக்கொண்டாள்.