குடைக்கு விழுந்த ஐந்து வாக்குகள்

தோற்ற அன்றைக்குக் கண்ணாடிக் கடைக்காரர் அழகாகத்தான் நடந்துகொண்டார். மாநிலச் சட்டமன்றத் தேர்தலில் அவருடைய தொகுதியில் எட்டுப் பேர் நின்றார்கள். அவர் ஆறாவதாக வந்தார். தொலைக்காட்சியில் மாவட்டவாரியாக முடிவுகள் ஓடியபோது அவர் பெயர் கண்ணிலேயே படவில்லை. ‘மற்றவர்கள்’ என்ற ஒற்றை வரிக்குள் இன்னும் நான்கு பேரோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார். ஜெயித்தது ஓய்வுபெற்ற நர்ஸம்மா, பெரிய கட்சியின் வேட்பாளர். நம்மவருக்குக் கிடைத்தது முந்நூற்றுப் பன்னிரண்டு.

“முந்நூத்திப் பன்னெண்டு பேர் நம்மள நம்பியிருக்காங்க,” என்றார் வீட்டாரிடம். “நம்ம கடைக்கு மாசத்துக்கு அத்தனை பேர் வர்றதில்லையே.”

எல்லோரும் சிரித்தார்கள். அவருடைய மனைவி சிரிப்போடு சிரிப்பாக ஒரு பெருமூச்சையும் விட்டுக்கொண்டாள். அப்பாடா, இத்தோடு போயிற்று என்று நினைத்தாள். ஏனென்றால் அவள் தன் கணவருக்கு வாக்களிக்கவில்லை.

அதற்குள் அவளைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிட வேண்டாம். நடந்தது இதுதான். ஊர் அரசு மருத்துவமனையில் கண் வார்டு என்று ஒன்று இருந்தது. மூன்று வருடங்களுக்கு முன்னால் டாக்டரை வேறு ஊருக்கு மாற்றினார்கள், கதவைப் பூட்டினார்கள், அவ்வளவுதான். கண்ணில் புரை விழுந்தவர்களெல்லாம் தட்டுத் தடுமாறி இவருடைய கடைக்கு வந்து, “நல்ல பவரா ஒரு கண்ணாடி போட்டுக் குடுங்க” என்று கேட்டார்கள். கண்ணாடியால் தீராத குறைக்கு எத்தனை பவர் போட்டு என்ன? மனு எழுதினார். பதில் வரவில்லை. இன்னொரு மனு எழுதினார். மூன்றாவது மனுவுக்கும் பதில் வராதபோது, “நானே போய்ச் சட்டமன்றத்துல கேக்கறேன்” என்று சுயேச்சையாக நின்றுவிட்டார்.

சின்னமாக மூக்குக்கண்ணாடியைக் கேட்டார். பட்டியலில் அது இல்லை என்று குடையைக் கொடுத்தார்கள். ஒரு சொட்டு மழை இல்லாத மாதத்தில் மனிதர் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்தார். மனைவி கூடவே நடந்தாள். துண்டுப் பிரசுரம் மடித்தாள், அவருடைய பேச்சைத் திருத்தி எழுதிக் கொடுத்தாள். அந்தப் பேச்சை நாற்பது தடவையாவது கேட்டிருப்பாள். கேட்கக் கேட்க, வார்டைத் திறந்தே ஆகவேண்டும் என்பது அவள் மனதில் ஆணியடித்த மாதிரி இறங்கிவிட்டது. அங்கேதான் வினை பிடித்தது. நர்ஸம்மா அதே வார்டில் பதினொரு வருடம் வேலை பார்த்தவர். ஜெயித்தால் முதல் வேலை அதுதான் என்று அவரும் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பின்னால் ஒரு கட்சி இருந்தது. இவர் பின்னால் ஒரு குடைதான் இருந்தது.

வாக்கு இயந்திரம் வராத காலம் அது. வாக்குச்சாவடியில், அட்டைத் தடுப்புக்குப் பின்னால், முத்திரை அவள் கையில் குடைக்கு மேலே ஒரு நிமிடம் நின்றது. பிறகு நர்ஸம்மாவின் மணிச் சின்னத்தில் இறங்கியது. சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வெளியே வந்தபோது, “குத்திட்டியா?” என்று கணவர் கேட்டார். “குத்திட்டேங்க,” என்றாள். பொய் இல்லை.

தோற்ற மனிதர் செய்யக்கூடாத காரியம் ஒன்று உண்டு. தேர்தல் அலுவலகத்துக்குப் போய்ச் சாவடிவாரியான பட்டியலைக் கேட்டு வாங்குவது. யாருக்கும் தோன்றாத இந்த யோசனை நம்மவருக்குத் தோன்றியது. எந்தக் கண்ணையும் இரண்டு முறை சோதிக்காமல் விடாத தொழில் புத்தி. வெள்ளிக்கிழமை போய் வாங்கிவந்து, இரண்டு நாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாடு முடிந்து எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருக்கையில் ஒரு தாளை நடுவில் வைத்தார்.

“நாப்பத்தொண்ணாம் சாவடி. நம்ம தெருவுக்கு இதுதான். அப்பா, இந்த வீட்டுல எத்தனை ஓட்டு?”

அவருடைய அப்பா விரல் விட்டு எண்ணினார். தான், பெரிய மகன், பெரிய மருமகள், சின்ன மகன், சின்ன மருமகள், முதல் தடவை வாக்களித்த பேத்தி. “ஆறு.”

“குடைக்கு விழுந்தது அஞ்சு.”

மனைவிக்கு முகத்தில் ஈயாடவில்லை. தெருவே காலை வாரியிருக்கிறது. “எங்க வீட்டு ஓட்டெல்லாம் உங்களுக்குத்தான் சார்” என்று பல்லைக் காட்டியவர்களில் ஒருவர்கூடப் போடவில்லை. அதற்காகக் கோபப்படுவார் என்று பார்த்தாள். தெருவைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்கு அந்த ஒரு வாக்குதான் உறுத்தியது.

“நான் யாரையும் சந்தேகப்படல,” என்று ஆரம்பித்தார். இப்படி ஆரம்பிக்கிறவர்கள் எல்லோரையும் சந்தேகப்படுகிறார்கள் என்று அர்த்தம். ஒவ்வொருவராகப் பார்த்து, கடையில் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்கிற அதே குரலில், அதே பொறுமையில் கேட்டார். “நீ எதுல குத்தின? நல்லா ஞாபகம் இருக்கா?”

“குடைல,” என்றாள் மகள். “நான் போட்ட முதல் ஓட்டுப்பா. மறக்குமா?”

“குடைதான்டா. மை விரல்ல எல்லாம் ஒட்டிக்கிச்சு,” என்றார் அப்பா.

தம்பி மனைவியும் குடை என்றாள். மனைவியின் முறை வந்தபோது அவர் கேட்கவே இல்லை. அவளைத் தாண்டிப் பார்வை தம்பியிடம் போய்விட்டது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளோ என்னவோ. கேட்காமல் விட்டதுதான் அவளைக் குத்தியது. அத்தனை நம்பிக்கை.

தம்பி கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பவர். இருபது வருடமாக அண்ணன் முன்னால் கண்ணைச் சோதிப்பதும் தம்பி பின்னால் லென்ஸைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவதுமாக அந்தக் கடை ஓடுகிறது. தேர்தல் பேச்சு வந்த நாளிலேயே, “நீங்க ஊர் சுத்தப் போனா கடையை யாரு பாக்கறது?” என்று முணுமுணுத்தவரும் அவர்தான்.

“நீ எதுல குத்தின?”

தம்பி தரையைப் பார்த்தார். “குத்தினேண்ணா.”

“எதுல?”

“அதான் குத்தினேங்கறேன்ல.”

அவ்வளவு போதும். அண்ணன் இரண்டு நாள் அடக்கி வைத்திருந்தது கொட்டிவிட்டது. “ஊர்ல அத்தனை பேர் எனக்குப் போடல, நான் கலங்கல. கூடப் பொறந்தவன் கழுத்தறுத்துட்டியே. என்னைப் பிடிக்கலைன்னா மூஞ்சிக்கு நேராச் சொல்லியிருக்கலாம். இனிமே உன் கூட எப்படிடா ஒரே கூரைக்குக் கீழ உக்காந்து தொழில் பண்றது?”

“பண்ண வேண்டாம்,” என்றார் தம்பி. எழுந்து கடைச் சாவியை எடுத்துக்கொண்டு போனார்.

அரைமணி நேரத்தில் கையில் ஒரு தோல்பையோடு திரும்பினார். பைக்குள் அவருடைய ஸ்க்ரூ டிரைவர்களும் குறடுகளும் கிணுகிணுத்தன. சாவியை அண்ணன் முன்னால் வைத்தார். “மிஷின் உங்களோடது. இதெல்லாம் நான் வாங்கினது. அடுத்த வாரம் வேற வீடு பாத்துப் போயிடறோம்.” அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மாமனார், “டேய், டேய்” என்று இரண்டு பக்கமும் கையை நீட்டினார். ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை.

நம் கதாநாயகிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாயைத் திறந்தால் கணவர் முகம் என்ன ஆகும் என்று தெரியும். திறக்காவிட்டால் இந்த வீடு இரண்டாகிவிடும், அதுவும் தெரியும். அவள் கல்யாணமாகி வந்தபோது இந்தக் கொழுந்தன் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவர். செய்யாத குற்றத்துக்குப் பையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

“என்னங்க, அவரை விடுங்க. குடைக்குப் போடாதது நான்தான்.”

 கணவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் முகத்தில் இருந்தது குழப்பம். கடைக்கு வரும் கிழவர்கள், எழுத்தட்டையில் பெரிய எழுத்தே தெரியவில்லை என்று உணரும்போது இப்படித்தான் விழிப்பார்கள்.

“நீயா?” என்றார். “அப்ப யாருக்குப் போட்ட?”

“நர்ஸம்மாவுக்கு.”

“ஏன்?”

“வார்டு திறக்கணும்ல. நீங்கதான வீடு வீடா அதைச் சொன்னீங்க. அவங்க ஜெயிச்சா திறப்பாங்கன்னு தோணிச்சு. உங்க பேச்சைக் கேட்டு மனசு மாறினது இந்த ஊர்ல நான் ஒருத்திதான் போல.” அவர் முன்னால் கிடந்த சாவியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “எல்லாத்துக்கும் உங்களக் கேட்டுத்தான் செய்வேன். அங்க உள்ள கேக்க யாரும் இல்ல. நானா ஒண்ணு செஞ்சேன். தப்புன்னு அப்பவும் தோணல. இப்ப உங்க மூஞ்சியப் பாத்தாத்தான் தோணுது.”

 தம்பி பையைக் கீழே வைத்தார். வைத்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். கணக்கு நேராகிவிட்டது, பழி இறங்கிவிட்டது, சாவியை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் அண்ணி தலைகுனிந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டு அவரால் சும்மா இருக்க முடியவில்லை.

“அண்ணி, நீங்களும் போடலையா?”

“நீங்களும்னா?” என்றாள் அவள்.

தம்பி கழுத்தைத் தடவிக்கொண்டார். “நான் குடைன்னு நெனச்சுத்தாண்ணா குத்தினேன். மறுநாள் சுவத்துல மாதிரிச் சீட்டு ஒட்டியிருந்துச்சு. தள்ளி நின்னு பாத்தேன். குடை ஏழாவது. நான் குத்தினது ஆறாவது.”

“ஆறாவது என்ன?”

“மேஜை விளக்கு.”

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, உதட்டைக் கடித்துக்கொண்டாள். குடை போலவே கவிழ்ந்த தலை, கீழே ஒரு தண்டு. நல்ல பார்வை உள்ளவர்களுக்கு வித்தியாசம் தெரியும்.

“ஒரு வருஷமா கிட்ட இருக்கறது கலங்கலாத் தெரியுது,” என்றார் தம்பி. “லென்ஸ் தேய்க்கறவனுக்கே கண்ணு போச்சுன்னா நீங்க மிஷின்ல கைவைக்க விடுவீங்களா? அதான் சொல்லல. விரல்ல தடவிப் பாத்து ஓட்டிக்கிட்டிருந்தேன்.”

 ஊரிலிருக்கிற கண்ணையெல்லாம் சோதித்த அண்ணன், பத்தடி தள்ளிப் பின்னறையில் இருந்த இரண்டு கண்களைப் பார்க்கவில்லை. தொகுதி முழுக்கக் கண் வார்டு, கண் வார்டு என்று முழங்கிவிட்டு வந்தவர். அவர் எழுந்துபோய்த் தம்பியின் மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். “நாளைக்குக் காலைல மொத ஆளா நீ வந்து நாற்காலில உக்காரு,” என்றார். வேறு மன்னிப்பெல்லாம் அவருக்குக் கேட்டுப் பழக்கமில்லை. தம்பி சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

“அப்பா,” என்றாள் மகள். தாளைக் கையில் வைத்திருந்தாள். “அம்மா போடல. சித்தப்பா விளக்குல குத்திட்டாரு. அப்ப நம்ம வீட்டு ஓட்டு நாலுதான். இதுல அஞ்சு இருக்கே.”

 ஒவ்வொருவரும் மனதுக்குள் கூட்டிப் பார்த்தார்கள். எப்படிக் கூட்டினாலும் ஒன்று மிஞ்சியது.

கண்ணாடிக் கடைக்காரர் தாளை வாங்கி அந்த எண்ணைத் தொட்டுப் பார்த்தார். இந்தத் தெருவில் யாரோ ஒருவர். சொந்தமில்லை, கடமையில்லை, ஜெயிக்கமாட்டார் என்று தெரிந்தும் உள்ளே போய்க் குடையில் குத்திவிட்டு வந்திருக்கிறார். வந்து சொல்லவும் இல்லை. அவர் முகம் மெல்லத் தெளிந்தது.

“யாரா இருக்கும்?” என்றார் மாமனார்.

“தெரிய வேண்டாம்பா,” என்றார் அவர். பிறகு மனைவியைப் பார்த்தார். “உன் மேல எனக்கு வருத்தம்தான். இல்லைன்னு சொல்லமாட்டேன். நர்ஸம்மா வார்டைத் திறக்கட்டும், அப்புறம் அதைப் பத்திப் பேசிக்கலாம்.” சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணையும் துடைத்தார்.

மறுநாள் காலையில் தம்பி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். “இதுல தெளிவா, அதுல தெளிவா?” என்று அண்ணன் லென்ஸை மாற்றிக்கொண்டிருந்தார். இடையில் வாசலில் யார் நிழல் பட்டாலும் தலையைத் திருப்பி, வழக்கத்தைவிட மரியாதையாக, “வாங்க, வாங்க” என்றார். பால்காரரை வரவேற்றார். வாடிக்கையாகச் சண்டை பிடிக்கும் எதிர்வீட்டு வாத்தியாரைக்கூட நாற்காலி போட்டு உட்காரவைத்தார்.

மனைவி கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். வார்டு திறந்தால் நல்லதுதான். மணியில் குத்தியதற்கு அவள் இப்போதும் வருந்தவில்லை. ஆனால் தன் புருஷனை நம்பி, அவருக்காக மட்டுமே ஒருவர் குத்தியிருக்கிறார். இருபத்தைந்து வருடம் கூட வாழ்ந்த தான் செய்யாததை, பெயர் தெரியாத அந்த ஒருவர் செய்திருக்கிறார் என்பதை அவளால் விழுங்க முடியவில்லை. கடைக்குள் வந்த ஒவ்வொருவரையும் அவள் பொறாமையோடு பார்த்தாள்.