லேமினேட் போட்ட வரைபடம்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் நடை வேகமாகிவிடும். அன்று காலை ஆபீசிலிருந்து எட்டாம் நம்பர் மெஷினுக்கு நான் போன வேகத்தைப் பார்த்து ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவரே ஒதுங்கி வழிவிட்டார்.

விஷயம் இதுதான். மலேசியாவில், சுங்கை பூலோவில் இருக்கும் எங்கள் தொழிற்சாலை, காரின் பிரேக் குழாயைப் பிடித்து நிறுத்தும் சின்ன இரும்புத் தகடு செய்கிறது. கார் கம்பெனி அந்தத் தகட்டின் வரைபடத்தைத் திருத்தினால் ஓரத்தில் இருக்கும் எழுத்தையும் மாற்றும். 'சி' போய் 'டி' வந்திருந்தது. ஒரு துளை அரை மில்லிமீட்டர் தள்ளிப் போக வேண்டும், அவ்வளவுதான். முன்னூறு மாதிரித் தகடுகளோடு ஒப்புதல் ஃபைலையும் அனுப்பினோம். முதல் பக்கத்தில் 'டி' என்று டைப் செய்து கையெழுத்துப் போட்டது, இங்கே பன்னிரண்டு வருடமாக டாக்குமெண்டுகளைப் பார்க்கும் தாமரையாகிய நான்தான். முன்னூறும் திரும்பி வந்துவிட்டன. துளை பழைய இடத்திலேயே இருந்தது.

துளை போட்டவர் ஜமால் முகமது. ராமநாதபுரம் பக்கத்து ஆள், வேலை பெர்மிட்டில் இங்கே வந்து ஐந்து வருடமாகிறது. புதிய வரைபடம் கிடைத்தது என்று அவர் போட்ட கையெழுத்து என் ஃபைலில் இருந்தது. புதுசை வாங்கிக்கொண்டு பழசைப் பார்த்து வேலை செய்தால் என்ன அர்த்தம் என்று சத்தமாகவே கேட்டேன்.

அவர் மெஷினில் காந்தம் வைத்து ஒட்டியிருந்த 'சி' வரைபடத்தை எடுத்துத் திருப்பி நீட்டினார். எண்ணெய் படாமல் இருக்க நான் லேமினேட் போட்டுக் கொடுத்தது. பின்பக்கம் கறுப்பு மார்க்கரில் என் எழுத்து: 'மெஷினை விட்டு எடுக்கக் கூடாது. யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. தாமரை.'

"புதுசு வெறும் பேப்பரா வந்துச்சுக்கா. எப்பவும்போல நீங்களே லேமினேட் போட்டுக் கொண்டாந்து இதை மாத்துவீங்கன்னு இருந்தேன். நீங்க சொல்லாம நான் எப்படி எடுக்கிறது?"

என் வேகமெல்லாம் அங்கேயே அடங்கிவிட்டது. அளவு பார்க்கும் மேசைக்குப் போனேன். அங்கேயும் அதே லேமினேட் 'சி'. பழையதைப் பார்த்துத் துளை போட்டு, பழையதைப் பார்த்தே அளந்திருக்கிறார்கள். அளவெல்லாம் சரியென்று ரிப்போர்ட் வராமல் என்ன செய்யும்?

ஃபைலைத் திறந்தால் இன்னொன்று காத்திருந்தது. 'பழைய வரைபடம் திரும்பப் பெறப்பட்டது' என்ற கட்டத்தில் பதினொரு மெஷினுக்கும் டிக். தைப்பூச லீவுக்கு முந்தின நாள், நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே போட்ட டிக்குகள். போட்டது நான்.

தவறு எப்படி நடந்தது என்று நாலு மணிக்குள் கார் கம்பெனிக்கு எழுத வேண்டும். மேனேஜர் முகுந்தன் கெட்டவர் இல்லை, அவசரக்காரர். ஜமாலின் கையெழுத்தைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்துவிட்டது.

"அவன் சைன் இருக்குலா. ஆளோட கவனக்குறைவுன்னு எழுதிடு. அடுத்த மாசம் பெர்மிட் முடியுது, ரினியூ பண்ணாம விட்டுடலாம். கஸ்டமருக்கும் ஒரு பதில் ஆச்சு."

ஒரு நிமிஷம் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அதை நினைத்தால் இன்னும் கூசுகிறது. ஐந்து வருடம் உழைத்தவர், என் சொல்லை அப்படியே கேட்ட குற்றத்துக்காகப் பெட்டி கட்ட வேண்டுமா?

"முடியாது பாஸ். போய் வாங்காம வாங்கினதா டிக் போட்டது நான். அதைத்தான் எழுதப் போறேன்."

அப்படி எழுதினால் ஒப்புதல் ஃபைலில் கையெழுத்துப் போடும் உரிமை உனக்குப் போய்விடும் என்று எச்சரித்தார். போகட்டும் என்றேன்.

கையில் ஒரு அட்டைப்பெட்டியோடு பதினொரு மெஷினையும் சுற்றினேன். ஒன்பதில் பழைய 'சி' இன்னும் தொங்கியது. ஒன்பதின் பின்னாலும் என் எழுத்து. ஒவ்வொன்றையும் படம் பிடித்து ரிப்போர்ட்டில் சேர்த்தேன். காரணம் என்ற இடத்தில் என் பெயரையும் நான் செய்ததையும் எழுதி, நாலு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது அனுப்பினேன். மத்தியானம் சாப்பிடவில்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

அடுத்த வாரம் கார் கம்பெனிக்காரர்கள் நேரில் வந்து மெஷின் மெஷினாகப் பார்த்தார்கள். 'டி' பார்த்துச் செய்த தகடுகள் தேறின. ஜமாலின் பெர்மிட்டும் ரினியூ ஆனது. என் கையெழுத்துக்கு மட்டும் ஆறு மாதத் தடை. ஃபைலை நான் தயார் செய்வேன், முகுந்தன் கையெழுத்துப் போடுவார். ஒவ்வொரு முறையும் வலிக்கத்தான் செய்கிறது.

ஜூன் மாதம் 'ஈ' வந்தது. லேமினேட் போட்டு, நானே எட்டாம் நம்பர் மெஷினுக்கு எடுத்துப் போனேன். ஜமால் புதியதை வாங்கி மாட்டினார். பழையதை உடனே கொடுக்கவில்லை. பாக்கெட்டிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து, 'டி' திரும்பக் கொடுத்தாச்சு என்று தேதியோடு எழுதி என்னிடம் நீட்டினார்.

"வாங்கினேன்னு சைன் போடுங்கக்கா."

"என் சைன் இப்ப செல்லாது, ஜமால்."

"இந்த மெஷின்ல செல்லும்க்கா," என்று பேனாவைக் கொடுத்தார்.