மேடு ஏற முடியாதவள்

பாலாமணி பதினெட்டு வருடமாகத் தேயிலைக் கொழுந்து பறித்துவந்தாள். நெல்லியாளத்துக்கு மேலே இருந்த அந்த எஸ்டேட்டில் புதிதாக எவள் வந்தாலும் எந்த இலையைக் கிள்ளுவது, எதை விடுவது என்று சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். எழுபத்தொன்பதில், பறிக்கிற பெண்களை வேலை வாங்கும் பழைய மேஸ்திரி ஓய்வு பெற்றதும், அந்த வேலையைக் கேட்டு, எஸ்டேட்டை மேற்பார்க்கும் கண்டக்டர் செலஸ்டின் முன்னால் போய் நின்றாள்.

செலஸ்டின் சிரித்தார். "வருஷத்துக்கு ஒண்ணு பெத்துக்கிட்டு நீ லீவுல போயிருவே. காட்டை யாரு பார்க்கிறது?"

அவள் பெற்றதே ஒன்றுதான், ஆறு வயதுப் பெண். "அதுக்கொரு வழி பண்ணீட்டு வந்தா வேலை தருவீங்களா?" என்றாள்.

"வா, பார்க்கலாம்."

அந்தப் பார்க்கலாமை நம்பினாள், பாவி மகள். ஒரு பையன் வேண்டும் என்று அவளுக்கும் ஆசை இருந்தது. அதை விழுங்கிவிட்டு அரசாங்க ஆஸ்பத்திரியில் கருத்தடை ஆபரேஷனுக்குப் படுத்தாள். அதே எஸ்டேட்டில் கூலியாக இருந்த புருஷன் சங்கிலி கையெழுத்துப் போட்டான். மறுநாள், எஸ்டேட்டில் லீவு சொல்லிவிட்டு வருவதாகப் போனவன், சாயங்காலம் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தான். என்றுமில்லாத கரிசனம்.

எட்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். இன்னும் பத்து நாள் குனியக்கூடாது, தூக்கக்கூடாது என்று சொல்லியிருந்தும், வேலை கைநழுவிப் போய்விடுமோ என்ற பயத்தில் மறுநாள் காலையே, பெண்கள் வேலைக்குக் கூடும் இடத்துக்கு ஓடினாள். மேஸ்திரியின் குடையும் விசிலும் சங்கிலி கையில் இருந்தன.

செலஸ்டின் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "ஆபரேஷன் ஆனவ மேடு ஏற முடியாதாமே. உம் புருஷனே வந்து சொன்னான். எப்படியும் வேலை உங்க வீட்டுக்குத்தானே வந்திருக்கு?"

"ஏனுங்க, நெசமா?" என்று சங்கிலியைக் கேட்டாள்.

"வேற எவனுக்கோ போறதுக்கு நமக்கு வந்துதில்ல? பொம்பள விசிலடிச்சா எவ நிப்பா?"

அவளிடம் தொழில் படித்த இருபது பெண்களும் கூடையை மாட்டிக்கொண்டார்கள். ஒருத்தியாவது வாயைத் திறந்திருக்கலாம்.

பாலாமணிக்கு நாட்கூலி போனால் யார் தருவார்? "ரெண்டு நாளைக்குக் கீழ சமதரையில பறிக்க ஒரு செடி நிரை குடுங்க. தையல் இழுக்குது" என்று சங்கிலியிடம் தணிந்துதான் கேட்டாள்.

சங்கிலி செலஸ்டினை ஒரு பார்வை பார்த்துக்கொண்டான். "பொண்டாட்டின்னு எளக்கம் காட்டினா நாளைக்கு எவளும் என்னைய மதிக்க மாட்டா. மேட்டுக் காட்டுக்குப் போ."

செலஸ்டின் தலையை ஆட்டினார். ஆள் தேறுவான் என்று தோன்றியிருக்க வேண்டும்.

கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு அவள் ஏறினாள். பாதி மேட்டில் சேலை நனைந்தது. தொட்ட விரலில் ரத்தம். கூடையை இறக்காமல் நின்றாள். கீழே ரோட்டில், குடைக்குள் இருந்தபடியே சங்கிலி அவளை மேலே ஏறச் சொல்லி விசில் அடித்தான்.