மூன்றும் நான்கும் எட்டு

1

இந்தக் கதை ஒரு பல் வைத்தியரின் காத்திருப்பு அறையில் பிறந்தது. பக்கத்துக் கதிரையில் இருந்தவர் என் குரலைக் கேட்டுவிட்டு, "நீங்கள் பேஸ்போல் இந்திரகுமார்தானே?" என்றார். இல்லை, அவன் என் நண்பன் என்றேன். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பொய்க்குத் துணையாக ஒரு கதை எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: "1976ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் மெல்பேர்ன் நகரம்..." (நகரம் என்ன செய்தது என்று தெரியவில்லை. விட்டுவிட்டேன்.)

இரண்டாவது: "உலகிலேயே தமிழில் பேஸ்போல் வர்ணனை செய்த ஒரே மனிதன்..." (இதை வாசித்த வைதேகி, "உலகம் முழுக்க விசாரிச்சனீங்களோ?" என்று கேட்டாள். வைதேகி என் மனைவி. இந்திரகுமாரின் மனைவி பெயரும் வைதேகி. அப்படியும் அமைவதுண்டு.)

ஆகவே நேரே சொல்கிறேன்.

2

இந்திரகுமார் வார நாட்களில் ஒரு களஞ்சியத்தில் டயர் எண்ணினான். அங்கே அவன் வாயிலிருந்து வந்ததெல்லாம் எண்கள்தான், அதுவும் ஆங்கிலத்தில். ஞாயிறு பின்னேரம் ஒரு மணி நேரம் மட்டும், சலவைக் கடைக்கு மேலே இருந்த சின்ன வானொலி நிலையத்தில் அவன் தமிழ் பேசினான். முப்பது வீடுகள் கேட்டன.*

அந்த ஒரு மணி நேரம் சும்மா கிடைக்கவில்லை. ஒவ்வொரு மொழிக்காரரும் உள்ளூர் விளையாட்டு ஒன்றை வர்ணிக்க வேண்டும் என்பது நிலையப் பொறுப்பாளர் திருமதி டால்டனின் விதி. உதைபந்தைக் கிரேக்கரும் இத்தாலியரும் எடுத்துக்கொண்டார்கள். கிரிக்கெட்டும் போய்விட்டது (யாரிடம் என்று எழுத இன்னும் மனம் ஆறவில்லை). மிஞ்சியது பேஸ்போல். நல்ல காலம், ஜன்னலைத் திறந்தால் எதிரே மைதானம்.

அவனுக்குப் பேஸ்போல் தெரியாது. முதல் ஞாயிறு, கிரிக்கெட் பழக்கத்தில், ஆட்டத்தின் நடுவே தேநீர் இடைவேளை அறிவித்தான். மைதானத்தில் எவரும் நிற்கவில்லை. முப்பது வீடுகளில் தேத்தண்ணீர் குடித்தார்கள். அன்று ஒரு பந்து டண்டினோங் மலைப் பக்கம் பறந்தது. அது த பேசின் என்ற மலையடி ஊரில் ஒரு தகரக் கூரையில் விழுந்த சத்தத்தை, நிகழ்ச்சி முடிவதற்குள் கேட்டோம். (தூரம் முப்பது கிலோமீட்டர். நம்பாதவர்கள் அடுத்த பகுதிக்குப் போகலாம்.)

* முப்பதுக்கு மேல் இருந்தன என்று சொல்ல வருகிறவர்கள் சற்றுப் பொறுங்கள். உங்களுக்கு வேலை இருக்கிறது.

3

திருமதி டால்டனுக்குத் தமிழ் தெரியாது, எண்ணத் தெரியும். எத்தனை தொலைபேசி அழைப்பு வருகிறதோ, அதுதான் நிகழ்ச்சியின் மதிப்பு. முதல் மூன்று வாரமும் ஒன்றுகூட வரவில்லை. நன்றாயிருக்கிறது என்று சொல்வதற்காக நம்மவர்கள் தொலைபேசியைத் தூக்குவதில்லை.

அடுத்த வாரம் அவசரத்தில், மூன்றும் நான்கும் எட்டு ஓட்டங்கள் என்று சொல்லிவிட்டான். ஒரு பாட்டு முடிவதற்குள் பதினொரு அழைப்பு. முதலாவது ஜெயரட்ணம். ஓய்வுபெற்ற நில அளவையாளர். வானொலிக்குப் பக்கத்தில் கொப்பியும் பென்சிலுமாக இருந்து கணக்கு வைத்திருக்கிறார். "தம்பி, ஏழு" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து வாரம் ஒரு பிழை. ஞாயிறு காலையில் வைதேகியும் அவனும் இருந்து தெரிவு செய்வார்கள். பிழை பெரிதாக இருந்தால் கேட்பவர் கோபிப்பார், சிறிதாக இருந்தால் அவருக்குச் சந்தோசம் வராது. பதமானதை ஒரு துண்டில் எழுதி அவன் சட்டைப் பையில் வைத்து அனுப்புவாள். மூன்று ஆண்டு இப்படித்தான் ஓடியது.

(இந்த இடத்தில் என் கதாநாயகன் மேல் எனக்கே சந்தேகம். இவன் ஏமாற்றுக்காரனா? "ஒரு மனிதனுக்குத் திருத்த ஏதாவது கொடுப்பது என்பது..." என்று ஒரு வாக்கியம் தொடங்கினேன். பிரசங்கம்போல் வந்தது. நிறுத்திவிட்டேன்.)

5

1979, ஆகஸ்ட் கடைசி ஞாயிறு. போல்கா என்ற ஐரோப்பிய நடன இசை வாசிக்கும் குழு ஒன்று தமிழின் ஒரு மணி நேரத்தைக் கேட்டது. நிகழ்ச்சி முடிந்து அரை மணிக்குள் இருபது அழைப்பு வந்தால் நேரம் உங்களுக்கு, இல்லாவிட்டால் அவர்களுக்கு என்றார் டால்டன். வைதேகியின் துண்டில் அன்று இருந்தது: "எங்கே கூட்டினாலும் ஒன்று அதிகமாகச் சொல்லவும்."

கடைசி இன்னிங்ஸ். இரு பக்கமும் சமம். மட்டையோடு வந்தவன் குழாய் வேலைக்காரன். அந்தப் பருவம் முழுக்க ஒரு பந்தையும் தொடாதவன். அன்று தொட்டான். பந்து இரண்டு பேருக்கு நடுவே ஈரப் புல்லில் வழுக்கிக்கொண்டு போனது. இந்திரகுமார் எழுந்து நின்று வர்ணித்தான். பந்தை எறிந்தவன் ஏன் தலையில் கை வைத்தான் என்பது மூன்று ஆண்டில் முதல் தடவையாக அவனுக்கு விளங்கியது. ஒலிவாங்கியை அணைத்தபோது துண்டு மடித்தபடியே என் பையில் இருந்தது. (அவன் பையில்.)

தொலைபேசி சும்மா கிடந்தது.

முடிவு அ: வைதேகி இருபது குரலில் அழைக்கிறாள். (வைதேகிக்கு ஒரே குரல்தான். எனக்குத் தெரியும்.)

முடிவு ஆ: போல்காக்காரர்கள் மனமிரங்கித் தமிழில் பாடுகிறார்கள். (பந்தை நம்பியவர்கள்கூட இதை நம்ப மாட்டார்கள்.)

நடந்தது இதுதான். பத்து நிமிடம் கழித்து மணி அடித்தது. ஜெயரட்ணம்.

"தம்பி, இண்டைக்குக் கணக்கெல்லாம் சரியாக் கிடக்கு. உமக்குச் சுகமில்லையோ?"

வைத்த கையோடு அடுத்தது. ஒருவர் கொத்தமல்லி அவித்துக் கொண்டுவரவா என்று கேட்டார். ஒருவர் வீட்டில் சண்டையோ என்று விசாரித்தார். இன்னொருவர், மூன்று தரம் கூட்டிப் பார்த்தும் பிழை வரவில்லை, வானொலி பழுதோ என்றார். வைதேகியும் எடுத்தாள்: "துண்டைப் பாக்க மறந்து போனியள், என்ன?" டால்டன் அதையும் எண்ணிக் கோடு போட்டார்.

பத்தொன்பது கோடுகள். பிறகு மௌனம். இன்னும் ஒரு நிமிடம் இருக்கிறது.

இருபதாவதை நான் எழுதப் போவதில்லை. எழுதினாலும் நம்ப மாட்டீர்கள்; முப்பது கிலோமீட்டர் பறந்த பந்துக்குப் பிறகு அது நியாயம்தான். ஆனால் கொஞ்ச நேரமாக உங்களுக்கு என்னிடம் ஒன்று சொல்ல வேண்டும்போல் இருக்கிறதல்லவா? மூன்றாம் பகுதிக்குப் பிறகு நேரே ஐந்து வந்துவிட்டது, நான்கைக் காணோம் என்று?

டால்டன் பென்சிலைப் பிடித்தபடிதான் இருக்கிறார். சொல்லுங்கள்.