சிவப்பு அட்டை

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் ஒரு காலத்தில் நூலகத்துக்குள் கறுப்பர்களை விடமாட்டார்கள். அந்த வரலாற்றை எழுதித்தான் நான் பேராசிரியை ஆனேன். அலபாமாவில் நாற்பது கிழவர் கிழவிகளைப் பேட்டி எடுத்திருக்கிறேன். சிலருக்கு வெள்ளைக்காரத் தோழிகள் புத்தகங்களை வெளியே கொண்டுவந்து கொடுத்தார்களாம். அந்தத் தோழிகளைப் புகழ்ந்து ஓர் அத்தியாயமே எழுதினேன். எழுதும்போது என்னையும் அவர்களில் ஒருத்தியாக நினைத்துக்கொண்டேன்.

ஐம்பது வருஷத்துக்கு முன்னால், கடத்தூர்ப் பக்கம் எங்கள் ஊரின் படிப்பகம் எங்கள் தெருவில் இருந்தது. என்னோடு படித்த தீர்த்தம்மாள் காலனிப் பெண் என்பதால் அவளை உள்ளே விடமாட்டார்கள். ஜன்னலோரம் நிற்பாள். நான் புத்தகம் எடுத்துவந்து கொடுப்பேன்.

அவள் நர்ஸ் வேலையில் ஓய்வுபெற்று இப்போது அரூரில் இருக்கிறாள். போன மாதம் அந்த அத்தியாயத்தைத் தமிழில் எழுதி, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கண்ணாடி போட்டுக்கொண்டு முழுதும் படித்தாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்க. ஆனா நீ எடுத்தாந்ததெல்லாம் உனக்குப் புடிச்ச புக்கு, அமுதா. எனக்கு எது வேணும்னு ஒரு நாளாவது கேட்டியா?"

அலபாமாவிலும் அதை நான் யாரிடமும் கேட்டதில்லை.

"எந்த புக்குடி வேணும்னு இருந்துச்சு?" என்றேன்.

"ஜன்னல் வழியா பாத்தா மேல்தட்டுல செவப்பு அட்ட போட்ட ஒண்ணு தெரியும். அதான்."

"என்ன புக்கு அது?"

"உள்ள வுட்டிருந்தாத்தான தெரியும்?" என்றாள்.