சதாசிவத்தின் வாய்க்கட்டு

1

பல்வலி வராமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. வலி எனக்கு, கதை சரளாக்காவுக்கு. ஈப்போவில், சிலிபின் பகுதியில் ஒரு பல் கிளினிக்கில் வீங்கிய கன்னத்தோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் இருந்த சரளாக்கா என்ன வேலை என்று கேட்டார். காற்றில் எழுதிக் காட்டினேன். அவ்வளவுதான், ஆரம்பித்துவிட்டார். வாயைத் திறக்க முடியாததால் முழுவதையும் கேட்டேன். (எழுதுகிறவர்களுக்கு அடிக்கடி வாய் வீங்கினால் நல்லது.)

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'ஈப்போவின் சுண்ணாம்பு மலைகளுக்குப் பின்னால் சூரியன் மெல்ல…' சீ, வேண்டாம். மலை எங்கேயும் ஓடிவிடாது. நமக்கு வேண்டியது ஒரு மூக்கு.

2

மூக்கு, அக்காவின் கணவர் சதாசிவத்துடையது. (கதைக்குள் வந்துவிட்டால் அக்காவும் 'அவள்', அண்ணனும் 'அவன்'. கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.) தெலுக் இந்தானிலிருந்து செம்பனை எண்ணெய் லோரி ஓட்டுகிறவன். ஆள் மூக்கும் முழியுமாகத்தான் இருப்பான், ஆனால் அந்த மூக்கு வேலை செய்து யாரும் பார்த்ததில்லை. மூச்செல்லாம் வாய் வழியாகத்தான். குறட்டை விட்டால் சன்னல் கண்ணாடி அதிரும். (அதிராது. அக்கா சொன்னார், இருந்துவிட்டுப் போகட்டும்.)

அவன் பற்களைப் பார்த்த டாக்டர் ரஜிதா, "நல்லாத்தானே பல் விளக்குறீங்க அண்ணே, பிறகேன் இவ்வளவு சொத்தை? எச்சில்தான் பல்லுக்குக் காவல். நீங்க வாயால மூச்சு விட்டு அதைக் காய வைக்கிறீங்க. மூக்கு டாக்டரைப் பாருங்க" என்றார்.

தூக்கத்தில் அவனுக்கு மூச்சு நின்று நின்று வருகிறது என்று சரளா சொன்னதும் ரஜிதாவின் முகம் மாறியது. "அது பல்லைவிடப் பெரிய விசயம் அக்கா. விட்டுடாதீங்க."

சதாசிவம் வீடு வரை புலம்பினான். "பல்லு வலின்னு வந்தா மூக்கப் பாக்கணுமாம்! தலவலின்னு போனா முட்டிக்கு ஊசி போடுவாங்களாக்கும்!"

3

[இங்கே மூக்கின் பெருமையைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. மூக்கு காற்றை வடிகட்டும், ஈரமாக்கும், வாய்க்கு அந்த வித்தை… என் மனைவி படித்துவிட்டு, "வாத்தியார் வேலைக்கா போற?" என்றாள். பத்தியை அடித்துவிட்டேன்.]

சில நாள் கழித்து, பட்டப்பகலில், லோரி ஓட்டும்போதே சதாசிவம் கண்ணயர்ந்துவிட்டான். சாலையோரக் கால்வாயின் விளிம்பில் வண்டி நின்றது. மறுபிழைப்புதான். உடனே மூக்கு டாக்டரிடம் போனானா? முருகனிடம் போனான். தைப்பூசத்துக்கு வாயைக் கட்டிக்கொண்டு பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டான். மஞ்சள் துணியால் வாயைக் கட்டி, கோயில் சேரும்வரை பேசாமல் நடக்க வேண்டும்.

"வாயக் கட்டுனா எதுல மூச்சு விடுவீங்க?" என்றாள் சரளா.

"முருகன் பாத்துக்குவான்லா."

4

தைப்பூசத்தன்று, ஊர்வலம் கிளம்பும் புந்தோங்கில், துணியைக் கட்டிவிட்டது சரளாவின் தம்பி கோகிலன். நல்ல பிள்ளை, ஆனால் எதையும் இறுக்கிச் செய்கிறவன். கல்லுமலை முருகன் கோயிலுக்குப் பாதி வழியில் சதாசிவத்தின் கண்கள் பிதுங்கின. உடம்பு உதறியது. தலையில் குடம் ஆடியது.

"மாமாவுக்குச் சாமி வந்துருச்சு!" என்று கத்தினான் கோகிலன்.

கூட்டம் "வேல் வேல்" என்றது. உறுமி இன்னும் ஓங்கி ஒலித்தது. ஒருவர் காலிலேயே விழுந்தார். கோகிலன் காதருகே குனிந்து, "சாமி, லாட்டரிக்கு நாலு நம்பர் மட்டும் சொல்லுங்க சாமி" என்று கெஞ்சினான். சதாசிவம் விரல்களை விரித்து வாயைக் காட்டினான்.

"அஞ்சு! மொத நம்பர் அஞ்சு!"

(இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்து கன்னம் வலித்தது. அக்கா சிரிக்கவில்லை.)

அந்த முகம் சரளாவுக்குத் தெரியும். குறட்டைக்கு நடுவில் மூச்சு நிற்கும்போது பக்கத்தில் படுத்து அவள் பார்க்கிற முகம். "வெலகுங்கடா! சாமியுமில்ல பூதமுமில்ல, மூச்சு முட்டுது அவருக்கு!" என்று கூட்டத்தில் பாய்ந்து, முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தாள். குடம் விழுந்து பால் தார்ச்சாலையில் ஓடியது. சதாசிவம் வாயைப் பிளந்து காற்றை விழுங்கினான்.

மூச்சு வந்ததும், "அவுத்துட்டியேடி, வேண்டுதல் போச்சே" என்று அழுதான்.

"நீங்க போயிருந்தா நான் என்னா செய்வேன்?" என்று அவளும் அழுதாள்.

5

முடிவு ஒன்று: மறுநாளே மூக்கு டாக்டரிடம் ஓடினான். பொய். உங்களுக்குச் சதாசிவத்தைத் தெரியாது.

முடிவு இரண்டு: லோரி மறுபடியும்… எழுத மாட்டேன். போங்கள்.

நடந்தது இதுதான். சரளா சண்டை போடவில்லை. சாமிப் படத்துக்கு முன் நின்று, அவன் காதில் விழும்படி, "முருகா, அடுத்த வருசம் வாயக் கட்டிக்கிட்டு முழுசா நடந்து வருவாரு. அதுக்கு நான் பொறுப்பு" என்றாள்.

"என்னாடி, என்னையக் கேக்காம?"

"வாக்குக் குடுத்தாச்சு. மூக்கு தொறக்காம எப்டி நடப்பீங்க? டாக்டர்ட்ட போலாமா, வேணாமா?"

யார் சொல்லியும் அசையாத மனிதன் முருகனுக்குப் பயந்து மூக்கு டாக்டரின் படியேறினான். மூக்குக்குள் சதை வளர்ந்திருந்தது, எடுத்தார்கள். தூங்கும்போது மாட்டிக்கொள்ள நீளக் குழாயோடு ஒரு மூச்சு மெஷினும் கொடுத்தார்கள். டாக்டர் சரி என்று சொல்லும்வரை லோரிச் சாவி சரளாவின் கைப்பையில் இருந்தது.

"தும்பிக்க மாதிரி இருக்குலா, அசிங்கமா."

"முருகனுக்கு அண்ணன் மாதிரி இருக்கீங்க. போட்டுக்கிட்டுப் படுங்க."

6

அக்கா இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து சதாசிவம் அண்ணன் வந்தார். கடைசிச் சொத்தைப் பல்லையும் பிடுங்கியாயிற்று. பஞ்சைக் கடித்து, வாயை இறுக மூடிக்கொண்டிருந்தார். அக்கா பேச்சை நிறுத்திவிட்டு அவர் மூக்கையே பார்த்தார். அது மெதுவாக விரிந்தது, சுருங்கியது. அக்காவின் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

பிறகு அக்கா என் பக்கம் குனிந்தார். "வர்ற வாரம் தைப்பூசம் தம்பி. இந்த வாட்டி நான்தான் துணி கட்டப் போறேன். இறுக்கிக் கட்ட பயமா இருக்கு. லூசா கட்டுனா சாமிய ஏமாத்துன மாதிரி இருக்கு. நீ எழுதுறவன்தானே, சொல்லேன், எப்டிக் கட்டட்டும்?"

உள்ளேயிருந்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. உங்களுக்கு ஒன்றும் வீங்கவில்லையே. சொல்லுங்கள், அக்கா உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.